வேட்டியின் அந்தப் பக்கம்

சௌல்தாரி அன்னம்மாளுக்குப் படத்தில் யாரும் யாரையும் கட்டிப்பிடிக்கக் கூடாது. ரத்தம் வரக் கூடாது. யாரும் இருமி இருமிச் சாகவும் கூடாது. இத்தனையும் கழித்தால் தமிழ்ப் படத்தில் மிஞ்சுவது டைட்டில்தான் என்று சொக்கலிங்கத்துக்குத் தோன்றியது. ஆனால் பெண்ணைப் பெற்றவன் அதை வாய்விட்டுச் சொல்ல முடியுமா?

"மாயாஜாலப் படம் போட்டுருங்கண்ணே," என்றான் உதுமான். அபர்டீன் பஜாரில் ரேடியோக் கடை வைத்திருந்த அவனிடம் வீட்டில் படம் காட்டும் சின்ன மெஷின் ஒன்று இருந்தது. படப்பெட்டி மெட்ராஸ் கப்பலில் வரும். "பூதம், பேசுற குதிரை, பறக்குற கட்டில். குடும்பத்தோட பாக்கலாம்."

"பூதம் பயமுறுத்தாதே?"

"தொந்தியும் தொப்பையுமா இருக்கும்ணே. சோறு சோறுன்னு அலையும்."

நீலாவதிக்கு இது பிடிக்கவில்லை. "கட்டில் பறக்குமாம், நாம பாக்கணுமாம். சிரிப்புப் படம்னா வீட்டுல நடக்குறதையே காட்டுவான். நம்ம வீட்டையே காட்டலாம், அவ்வளவு சிரிப்பு," என்று கணவரைப் பார்த்தாள்.

"ரெண்டையும் வரவழைச்சிரு உதுமான்," என்றார் சொக்கலிங்கம்.

இவ்வளவு பாடும் மகள் சுசீலாவுக்காக. சொக்கலிங்கத்துக்கு ஜங்லிகாட்டில் குவார்ட்டர்ஸ், மரைன் ஆபீசில் கிளார்க் வேலை, ஒரே மகள். தீவில் அவர்கள் ஜனத்தில் மாப்பிள்ளை கிடைப்பது குதிரைக் கொம்பு. சௌல்தாரியில் பாக்குத் தோட்டம் வைத்திருந்த அன்னம்மாளின் மகன் சிவஞானத்தை விட்டால் மகளைக் கப்பலேற்றி மெயின்லாண்டுக்குத்தான் அனுப்ப வேண்டும். அதற்கு அவருக்கு மனம் வரவில்லை. அன்னம்மாளோ, "பொண்ணு பாக்கன்னு வந்து தட்டிப்போனா புள்ளைக்குத்தான் அசிங்கம். படம் பாக்க வர்றோம்," என்று சொல்லி அனுப்பியிருந்தாள்.

சனிக்கிழமை பொழுது சாய்ந்ததும் இரண்டு வேட்டிகளைச் சேர்த்துத் தைத்து முற்றத்தை ஒட்டிய அடுக்களைச் சுவரில் கட்டினார்கள். மூக்கில் வியர்த்தது போல அக்கம்பக்கத்துப் பெங்காலிகளும் தெலுங்குக்காரர்களும் பாயோடு வந்துவிட்டார்கள். சௌல்தாரி ஜீப் வரக் காணோம். "சாலூ கரோ!" என்று கூட்டம் கத்த, உதுமான் மெஷினை ஓட்டிவிட்டான். எழுத்தெல்லாம் ஓடி முடிந்த நேரத்தில் ஜீப் வந்து நின்றது.

"வாங்கம்மா, வாங்க," என்று ஓடினார் சொக்கலிங்கம். "உங்களுக்காகவே பாத்துப் பாத்து வரவழைச்ச படம்."

சுசீலா காபி கொண்டுவந்தாள். சிவஞானம் டம்ளரை வாங்கிய வேகத்தில் பாதியைச் சட்டையில் ஊற்றிக்கொண்டான். கேசரித் தட்டை நீட்டியதும், "அவனுக்கு இன்னிக்கு விரதம்," என்றாள் தாய்க்காரி அவசரமாக.

பையனுக்குக் கூச்சம், நல்ல குணம்தான் என்று சொக்கலிங்கம் மகிழ்ந்தார்.

"எல்லாம் சரி. ஆம்பளைங்களோட கலந்து உக்காந்து நான் படம் பாக்கிறதில்ல," என்றாள் அன்னம்மாள்.

ஜங்லிகாட்டில் இதற்கு வழி இருந்தது. சுவரில் இருந்த வேட்டியை அவிழ்த்து முற்றத்து நடுவில் இரண்டு பாக்கு மரங்களுக்கு இடையே கட்டினார்கள். மெஷின் பக்கம் ஆண்கள், வேட்டிக்கு அந்தப் பக்கம் பெண்கள். துணியில் விழும் படம் இரண்டு பக்கமும் தெரியும். அங்கே எல்லோருக்கும் இது பழகிய கதை.

பேசுற குதிரை பேசியது. பெண்கள் பக்கம் சிரிப்பு. சொக்கலிங்கத்துக்கு உயிர் வந்தது.

பிறகு அரண்மனை விருந்து வந்தது. ராஜகுமாரன் லட்டை எடுத்து வாயில் போட்டான். பெண்கள் பக்கத்திலிருந்து நீலாவதி சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு ஓடிவந்தாள்.

"என்னங்க, குடி கெட்டுது! அந்தப் பக்கம் ராஜகுமாரன் இடது கையால திங்கிறான்!"

"எவன் சொன்னான்? இதோ, வலது கையாலதானே..." என்றவர் பாதியில் நிறுத்தினார். வேட்டிக்குப் பின்னாலிருந்து பார்த்தால் வலது இடதாகத்தானே தெரியும்!

"அந்தம்மா முகமே மாறிப்போச்சு. 'எந்தக் கை, எந்தக் கை'ன்னு கேக்குறாங்க."

சொக்கலிங்கம் உதுமானிடம் பாய்ந்தார். "ரீலைத் திருப்பி மாட்டுடா!"

"பிலிம்ல ஓட்டை ஒரு பக்கந்தாண்ணே இருக்கு. மாட்டாது. மாட்டுனாலும் சத்தம் வராது."

வேறு வழியில்லாமல் அவரே பெண்கள் பக்கம் போனார். "அம்மா, முன்பக்கம் வந்து பாருங்களேன்."

"ஏன், இந்தப் பக்கம் என்ன குறை?"

"குறை ஒண்ணுமில்ல. இங்க... கொசு."

"கொசு அங்க கடிக்காதா?" என்றவள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "இந்தப் படம் நீங்களே பாத்து எடுத்ததா?" என்றாள்.

இல்லையென்றால் அலட்சியம், ஆமென்றால் அவமானம். "ஆமாம்மா, உங்களுக்காகவே," என்று குழறினார். அன்னம்மாள் அவரை ஒரு மாதிரி பார்த்தாள். அதே நேரம் பூதம் உட்கார்ந்து ஒரு அண்டாச் சோற்றையும் இடது கையால் அள்ளிப் போட்டுக்கொண்டது.

"நிறுத்து! சிரிப்புப் படத்தைப் போடு, ஜல்தி!" என்று திரும்பி ஓடினார்.

"நல்லாத்தானே போகுது சார்?" என்று ஆண்கள் முறைத்தார்கள். குதிரைக்கு என்ன ஆயிற்று என்று பெங்காலிகள் இந்தியில் கேட்டார்கள். உதுமான் அவசரத்தில் கைக்கு வந்த ரீலை மாட்டினான். அது கல்யாண வீடு. மாப்பிள்ளையின் அப்பா இடது கையால் வெற்றிலை பாக்குக் கொடுத்தார், பெண்ணின் அப்பா இடது கையால் வாங்கினார். அப்புறம் பந்தி. ஊரே வரிசையாக உட்கார்ந்து இடது கையால் பாயசம் குடித்தது. காமெடியன் மட்டும் இரண்டு கையாலும் வடை தின்றான்.

அன்னம்மாள் எழுந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "சிவஞானம், கெளம்பு," என்றாள். நீலாவதி இலை போட்டிருப்பதாகச் சொன்னதுகூட அவள் காதில் விழவில்லை. ஜீப் புறப்பட்டுவிட்டது.

"என் புள்ள வாழ்க்கையில நானே மண்ணை அள்ளிப் போட்டேனே," என்று சொக்கலிங்கம் பாக்கு மரத்தடியில் உட்கார்ந்து அழுதேவிட்டார். கப்பல் டிக்கெட்டுக்கு எழுதிப்போட வேண்டியதுதான் என்றாள் நீலாவதி. சுசீலா யாரும் தொடாத கேசரியை மூடி வைத்தாள்.

மறுநாள் காலை ஜீப் டிரைவர் ஒரு குலை வாழைப்பழத்தோடு வந்து நின்றான்.

"தட்டு மாத்த நாள் பாக்கச் சொன்னாங்க சார்."

சொக்கலிங்கம் கையிலிருந்த பேப்பரைத் தவறவிட்டார். "கோவிச்சுக்கிட்டுல்ல போனாங்க?"

"கோவமா? வழிநெடுக அழுதுகிட்டே வந்தாங்க சார். 'நம்ம சிவஞானம் இடதுகைக்காரன்னு நாம ஊரெல்லாம் மறைச்சு வச்சோம், அவரு எப்படியோ தெரிஞ்சுகிட்டு, ராஜாவுலேர்ந்து பூதம் வரைக்கும் இடது கையாலயே சாப்பிடுற படமாத் தேடிப் புடிச்சு கப்பல்ல வரவழைச்சிருக்காரே, இப்பிடி ஒரு சம்பந்தி யாருக்குக் கிடைப்பாரு'ன்னாங்க!"