இரண்டு தடை உத்தரவுகள்

“நீங்களே வந்து கேட்டாலும் கடையை விட்டுக்கொடுக்கக் கூடாதுன்னு சொன்னது யாருங்க? நீங்கதானே?” என்றார் தையல்காரர், ஊசியில் நூல் கோத்தபடி.

வக்கீல் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். சொன்னது உண்மை. தெருவை அகலப்படுத்த நகரசபை இந்தக் கடையை இடிக்க வந்தபோது, கோர்ட்டில் முழங்கித் தடை உத்தரவு வாங்கித் தந்தவர் அவர்தான். அந்தப் பெயரில்தான் நகரசபை உறுப்பினரானார். ஆனவர், அதே தெருவை அகலப்படுத்துவதாக வாக்குக் கொடுத்துவிட்டார். வெள்ளிக்கிழமை கட்சித் தலைவர் பார்வையிட வருகிறார். சாலை முடிந்திருந்தால் மாகாண சபைத் தேர்தலுக்கு சீட். இல்லாவிட்டால் அரசியலுக்கு முழுக்கு.

“அப்ப நிலைமை வேறப்பா.”

“எனக்கு அதே கடைதாங்க.”

நகரசபையின் வக்கீலுக்கு இவரே குறிப்பெழுதிக் கொடுத்துத் தடையை நீக்கக் கேட்கச் சொன்னார். நீதிபதி சிரித்தார். “இதுக்கு உங்க உறுப்பினரே அன்னைக்குப் பதில் சொல்லிட்டாரே. பிரமாதமான வாதம்.” தடை நீடித்தது. கடைசி பெஞ்சில் இருந்த வக்கீலுக்குப் புகழ்ச்சி முதன்முறையாகக் கசந்தது.

“கடையை விடுங்க, ரோட்டை எதிர்ப்பக்கமா வளைச்சிடுங்க” என்றார் பொறியாளரிடம்.

“எதிர்ப்பக்கம் உங்க காம்பவுண்டுச் சுவர். நாலடி போயிடும்.”

“போகட்டும்.”

அப்பாவிடம் அவர் சொல்லவில்லை. யாரிடமும் எதற்கும் கைகட்டி நிற்காத மனிதர் அப்பா. காலையில் இடிக்கும் இயந்திரம் வந்ததும், நாற்காலியைத் தூக்கி வந்து இடிக்க அளந்து போட்டிருந்த சுண்ணாம்புக் கோட்டின் மேல் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

“எழுந்திருங்கப்பா. ஊரே பாக்குது.”

“பாக்கட்டும். எங்கப்பா கட்டின சுவர்.”

“நாலடிதான்பா.”

“மானத்துக்கு அடிக்கணக்கு உண்டாடா?”

தெருவே கூடிவிட்டது. தையல்காரர் குடை பிடித்தார்.

“தையல்காரனுக்குத் தடை வாங்கத் தெரிஞ்சவனுக்குப் பெத்த அப்பனுக்கு வாங்கத் தெரியாதோ?” என்றார் அப்பா. கூட்டம் சிரித்தது.

மனைவி வாசலிலிருந்து சொன்னாள்: “வாங்கிக் குடுத்துத் தொலைங்க. மாமாவுக்கு ரோட்டுலயா சோறு போடறது?”

தான் உறுப்பினராக இருக்கும் நகரசபைக்கு எதிராகத் தானே வழக்குப் போட்டார் வக்கீல். அன்றே தடை கிடைத்தது. கெட்டிக்கார வக்கீல், அதுதான் அவர் தலையெழுத்து.

வெள்ளிக்கிழமை தலைவர் வந்து இறங்கினார். கடைக்கும் சுவருக்கும் நடுவே சாலை முட்டிக்கொண்டு நின்றது.

“வேலையை யாருய்யா நிறுத்தினது?”

“ரெண்டு தடை உத்தரவு, தலைவரே.”

“யாரு வாங்கினது?”

வக்கீல் வானத்தைப் பார்த்தார்.

சுவரோரம் ஒரு கூட்டம். தலைவரைக் கண்டதும் எல்லாரும் கும்பிட்டு ஒதுங்கினார்கள். அப்பா மட்டும் நாற்காலியை விட்டு அசையவில்லை.

“அப்பா, எழுந்திருங்கப்பா” என்று வக்கீல் காதோடு கெஞ்சினார்.

“வந்தவரை உக்காரச் சொல்லு. அதுதான் மரியாதை.”

தலைவர் தையல்காரரின் முக்காலியில் உட்கார்ந்தார். இருவரும் தணிந்த குரலில் பேசினார்கள். பிறகு தலைவர் வக்கீலிடம் ஒரு சொல்லும் சொல்லாமல் கார் ஏறிப் போய்விட்டார்.

“மானத்தை வாங்கிட்டீங்களேப்பா” என்றார் வக்கீல்.

அப்பா தமது வெள்ளைச் சட்டையைத் தையல்காரரிடம் பட்டன் தைக்கக் கொடுத்துவிட்டுப் படுக்கப் போனார்.

வக்கீல் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். மாலையில் தலைவரின் டிரைவர் மட்டும் திரும்பி வந்தார்.

“சீட் உங்க வீட்டுக்குத்தான்னு சொல்லச் சொன்னாரு.”

வக்கீலுக்குப் போன உயிர் திரும்பியது. காலரைச் சரிசெய்தபடி எழுந்தார். “தலைவர் என் மேல வச்ச நம்பிக்கைக்கு…”

டிரைவர் அவரைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தார்.

“போஸ்டருக்கு ஒரு போட்டோ வேணுமாம், சார். பெரியவர் அந்த நாற்காலியில உக்காந்திருந்த மாதிரியே.”