ஒட்டகம் முன்னால் வரும், படம் பின்னால் வரும்

பேசாப் படங்களின் காலத்தில், இத்தாலியின் பலெர்மோவில் ஒரு தியேட்டர் முதலாளி, பாலைவனக் கதையொன்றை ஓட்டுவதற்கு முன்னர், வியா மக்வேதா வீதியில் உயிருள்ள ஒட்டகத்தைக் கொண்டுவந்து கட்டினாராம். ஒட்டகம் பார்க்க வந்த சனம் தெருவை அடைத்து, திரும்பிப்போக வழியில்லாமல் படத்துக்குள் போனதாம். இதை எனக்குச் சொன்னவர் சுவாம்பிள்ளை அண்ணை. அவருக்குச் சொன்னவர் மனைவி எமிலியானா. எமிலியானாவுக்குச் சொன்னவர், அவர் வீட்டுவேலை செய்கிற வீட்டு இத்தாலிய எசமானி, சின்யோரா. சின்யோரா அப்போது பிறந்திருக்கவே இல்லை. வாய்க்கு ஒன்றாகக் கூடி, கதை என்னிடம் வந்து சேர்ந்தபோது ஒட்டகங்கள் மூன்றாகியிருந்தன.

வாசகரே, நான் இன்று உங்கள் முன் கொண்டுவந்து நிறுத்தும் மனித இனத்துக்கு 'வருகுது வருகுது'க்காரர் என்று பெயர். பல்லரோச் சந்தைக் கடைக்கு முருங்கைக்காய் வருமுன்னரே அதன் நீளம் இவருக்குத் தெரியும். அரசாங்கம் விசா இல்லாதவர்களுக்குப் பொதுமன்னிப்பு அறிவிக்குமுன்னரே அது அறிவிக்கப்போகும் நாள் தெரியும். பெண் பார்க்கப் போகாத வீட்டில் பெண்ணின் குணம் தெரியும், மழை பெய்யாத நாளில் வெள்ளம் எந்தச் சந்து வரை வரும் என்று தெரியும். முருங்கைக்காய் வந்த பிறகு கேட்டுப் பாருங்கள். முகத்தைத் திருப்பிக்கொள்வார். வந்துவிட்டதில் என்ன இருக்கிறது?

இவர் பொய்யரா? இல்லவே இல்லை. பொய்யருக்கு உண்மை தெரியும்.

இந்த இனத்தின் மிகச் சிறந்த உருப்படிதான் நமது சுவாம்பிள்ளை அண்ணை. மன்னார்க்காரர். மாடிக்கட்டடங்களின் படிகளைக் கழுவுவது தொழில், கழுவிக்கொண்டே அறிவிப்பது சுபாவம். சின்யோராவின் தகப்பனார் அந்தக் காலத்தில் தியேட்டர் நடத்தியவர் என்பதும், அவருடைய பெட்டி இன்னும் அந்த வீட்டுப் பின்னறையில் கிடக்கிறது என்பதும் இவர் காதில் விழுந்தது யாருடைய கெட்ட காலமோ தெரியவில்லை. தூசி தட்டும்போது பெட்டியின் மேலே கிடந்த ஒரு மெல்லிய புத்தகத்தை எமிலியானா, சின்யோராவிடம் கேட்டே, கணவனுக்குக் காட்ட எடுத்துவந்தார். எனக்கு இத்தாலிய எழுத்து ஓடும் என்பதால் அது என் கைக்கு வந்தது.

படம் பார்க்கிறவர்களுக்காக எழுதிய புத்தகமல்ல அது. படக் கம்பெனி தியேட்டர் முதலாளிமாருக்கு எழுதியது. வாசலைக் கூடாரம்போலச் சோடியுங்கள், டிக்கெட் கிழிக்கும் பெண்ணுக்கு முகத்திரை போடுங்கள், அரபு உடுப்பில் ஆட்களைத் தெருவில் நடக்கவிடுங்கள், யார் எதைக் கேட்டாலும் அவர்கள் திரும்பிப் பார்க்கவோ வாய் திறக்கவோ கூடாது, பத்திரிகைக்குக் கொடுக்கவேண்டிய பாராட்டு இதோ தயாராக இருக்கிறது, வசதியுள்ள ஊர்களில் ஒட்டகம் விசேடம் என்று பக்கம் பக்கமாகப் போனது. கதை மட்டும் கடைசிப் பக்கத்தில் நாலு வரி. அதிலும் முடிவு இல்லை.

நான் வாசிக்க, அண்ணை கண்களை மூடிக் கேட்டார், செபமாலையில் இருப்பவரைப்போல.

"தம்பி, இதைத்தான் நான் இவ்வளவு நாளும் தேடினனான். எங்கடை சனத்துக்கு இந்தப் படத்தைக் காட்டவேணும்."

"படம் எங்கை அண்ணை?"

"அந்தப் பெட்டிக்குள்ளை ரெண்டு வட்டத் தகரம் கிடக்காம். வேறை என்னவா இருக்கும்?"

"எமிலியானா அக்கா திறந்து பாத்தவவோ?"

"விசர்க்கதை கதையாதையும். வெளிச்சம் பட்டால் படம் பழுதாப் போயிடும்!"

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நின்றபோதே அவருக்குப் படம் முழுக்கத் தெரிந்திருந்தது. இரண்டாயிரம் குதிரை. கண்ணால் மட்டும் அழுகிற ஓர் இளவரசி. கடைசிக் காட்சியில் அடிக்கிற மணற்புயலில் முன்வரிசைக்காரர் கண்ணைக் கசக்கவேண்டிவருமாம். நோட்டீசும் தயாரானது. எங்கள் நோட்டீசுகளின் சம்பிரதாயம் உங்களுக்குத் தெரியாததா? பிரதம விருந்தினரின் பெயர் முதலில் அச்சாகும், அவருக்கு அழைப்பு பிறகு போகும். 'பிரதம விருந்தினர்: சின்யோரா' என்று தமிழில், அவருடைய முழுப்பெயரோடு, அண்ணை எழுதினார். மரியாதைக்காக அதையே இத்தாலியனிலும் ஒரு வரி போடு என்றார். போட்டேன். கீழே கோயில் மண்டபத்தின் தொலைபேசி எண். சின்யோராவோ மொண்டெல்லோக் கடற்கரையில் கோடையைக் கழித்துக்கொண்டிருந்தார்.

நோட்டீசைப் பார்த்த எமிலியானா அதைக் கையோடு கொண்டுவந்து கணவன்முன் வைத்தார்.

"இஞ்சாருங்கோ, வாற திங்கக்கிழமை அவ கையெழுத்து வைச்சால்தானே எனக்குப் பெர்மெஸ்ஸோ விசா புதுப்பிக்கலாம்? கேளாமல் கொள்ளாமல் அவவின்ரை பேரைப் போட்டு வைச்சிருக்கிறியள். வேண்டாமெண்டு நிப்பாட்டினாவெண்டால் நான் குவெஸ்தூராப் பொலிசுக்கு எதைக் கொண்டுபோறது? உங்கடை ஒட்டகத்தையோ?"

"ஏனப்பா பயப்பிடுறீர்? மேடையிலை ஏத்தி மாலையெல்லோ போடப்போறம்! பேர் அச்சிலை வந்தாப்பிறகு ஆர் மாட்டன் எண்டுறது?"

"அப்ப நீங்களே கேளுங்கோ."

"கேப்பம், கேப்பம். அவ வரட்டும்."

வந்தார், படம் காட்டும் வியாழக்கிழமை காலையில்தான்; கேட்பதை அண்ணை பின்னேரத்துக்குத் தள்ளினார். வியாழன் பின்னேரம்தான் எங்கள் வீட்டுவேலைக்காரருக்கு ஓய்வு. ஓய்வென்றால் உடுப்புத் தோய்ப்பது, ஊருக்குப் பேசுவது, காலை நீட்டுவது. அதையெல்லாம் விட்டுவிட்டுச் சனம் மண்டபத்துக்குக் கிளம்பியது. காரணம், ஒட்டகம். சுவாம்பிள்ளை அண்ணை புத்தகத்தின் சொல்லைத் தட்டவில்லை. எங்கள் இளைஞர் இருவர்தான் ஒட்டகம்: முன்கால்கள் நிதுசன், பின்கால்கள் விமலராஜ், மேலே இரண்டு கபிலநிறப் போர்வைகள், கழுத்துக்கு யாரோ ஒரு வீட்டுக்காரியின் வாக்யூம் கிளீனர் குழாய். பல்லரோவின் மீன்காரர்கள் கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள். வாய் திறக்கக்கூடாது என்பது விதி. ஆனால் ஒட்டகத்தின் பின்பாதி, "மெதுவா நடவடா, எனக்கு இஞ்சை ஒரு இழவும் தெரியேல்லை!" என்று தமிழில் அலறியது. ஒட்டகத்தின் பின்னால் சிசிலிப் பிள்ளைகள் ஒரு கூட்டம். அந்தச் சந்தைச் சுவரில் நோட்டீஸ். அதே சந்தையில்தான் சின்யோரா கத்தரிக்காய் வாங்குவது.

மண்டபம் நிறைந்தது. வெள்ளைத் துணி கட்டியாயிற்று. பங்குத்தந்தையின் புரொஜெக்டர் சுத்தமாகத் துடைத்தபடி, வெறுமையாக, காத்துக்கொண்டிருந்தது. தகரம் எங்கே? "அவ வீட்டிலை இல்லை, கதவு பூட்டிக் கிடக்கு" என்று, அண்ணை கேட்டு எடுத்துவர அனுப்பிய எமிலியானா மூச்சு வாங்க வந்து சொன்னார். வேறு யாராயிருந்தாலும் இந்த இடத்தில் மன்னிப்புக் கேட்டிருப்பார்கள். நம் அண்ணை மேடையில் ஏறினார்.

"அன்பான சனங்களே, இன்னும் கொஞ்ச நேரத்திலை…"

இளவரசி வந்தாள். குதிரைகள் வந்தன, நாலாயிரமாக. வெள்ளைத் துணிக்கு முன்னால் நின்று அவர் கைகளை வீச, நிழல் துணியில் ஆட, சனம் உண்மையிலேயே வாயைப் பிளந்துகொண்டிருந்தது. முன்வரிசையில் இருந்த யாழ்ப்பாணத்து அம்பலவாணருக்கு மட்டும் பொறுக்கவில்லை.

"சுவாம்பிள்ளையர், ஊமைப்படம் எண்டெல்லோ கூப்பிட்டனீர்? ஒரு மணித்தியாலமாக் கதைக்கிறீர்!"

"படம்தான் அண்ணை கதைக்காது. விளம்பரம் கதைக்கும்."

சிரிப்பு. கைதட்டல். அந்தச் சத்தத்துக்குள்ளே, நடைபாதையில் தொலைபேசி அடித்தது.

யோசித்துப் பாருங்கள். அந்த எண் நோட்டீசில் மட்டும்தான் இருக்கிறது. நோட்டீசைத் தமிழில் வாசித்தவர்கள் எல்லாரும் உள்ளே இருக்கிறார்கள். அடிப்பவர் இத்தாலிய வரியை வாசித்தவர். தகரத்தை வந்து எடுத்துப் போ என்கிறாரோ, திங்கட்கிழமை வேலைக்கு வராதே என்கிறாரோ? எமிலியானா எழுந்துவிட்டார், ஆனால் நடக்கவில்லை. மேடையில் அண்ணை முதல்முறையாக, அடுத்து என்ன வரப்போகிறது என்று தெரியாத மனிதராக நின்றார். பிறகு இருவரும் சேர்ந்து என்னைப் பார்த்தார்கள். நான்தானே கதவடியில் நிற்கிறேன், எனக்குத்தானே மொழி தெரியும்.

நீங்கள் சிரிக்கிறீர்கள் வாசகரே. சிரியுங்கள். ஆனால் போன வருடம் ஊருக்கு ஒரு போட்டோ அனுப்பினீர்களே, வீதியோரம் நின்ற யாரோ ஒருவரின் காரில் சாய்ந்துகொண்டு? பின்னால் ஒரு வரி, 'அடுத்த வருசம்' என்று? அந்தக் கார்தான் உங்கள் ஒட்டகம். ஊரில் இப்போது மண்டபம் நிறைந்திருக்கும்.

தொலைபேசி விடாமல் அடிக்கிறது.

"எடும் தம்பி," என்றார் அண்ணை மேடையிலிருந்து, மெல்ல. "நல்ல செய்திதான் வருகுது."