இறங்க வழியில்லாத சுற்றுச்சாலை பற்றி மாப்பிள்ளைக்கு ஒரு புகார்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

பேருந்துப் பணிமனையில் முப்பத்தோரு வருடம் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்ற உங்கள் மாமனார் எழுதுவது. இங்கு நானும் உங்கள் அத்தையும் நலம். அங்கு நீங்களும் என் மகளும் நலம் என்று நம்புகிறேன்; நான் இன்னும் தூக்கிக்கூடப் பார்க்காத பேத்தி நலமாக இருப்பதைப் போன ஞாயிற்றுக்கிழமை மேம்பாலத்தின் மேலிருந்து நானே கண்ணால் கண்டேன். என் புகாரே அதைப் பற்றியதுதான்.

நாலு வருடத்துக்கு முன்னால் நீங்கள் பெண் கேட்டு வந்தபோது, ஊரைச் சுற்றிச் சாலை போடும் இஞ்சினியர் என்றீர்கள். "ரோடு போடறவங்க எந்தக் காலத்துல முடிச்சிருக்காங்க? அது முடியற அன்னிக்கு உங்க வீட்டுல வந்து சாப்பிடறேன்" என்று நான் சொன்னது உண்மை. சொன்ன சொல்லில் நிற்கிறவன் நான். அதனால்தான் கல்யாணத்துக்குப் பிறகு உங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை, குழந்தை பிறந்தபோதும் வரவில்லை. வேறு மனஸ்தாபம் எதுவும் இல்லை என்று இதன் மூலம் தெரிவித்துக்கொள்கிறேன்.

இப்போது சாலையைத் திறந்துவிட்டார்கள். சும்மா சோதித்துப் பார்ப்போம் என்று உங்கள் அத்தையையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். குறை சொல்ல முடியாது மாப்பிள்ளை, அத்தை கையில் இருந்த டம்ளர் தண்ணீர் ஒரு சொட்டு சிந்தவில்லை. என் காலத்தில் ஊரைச் சுற்றிவர இரண்டே முக்கால் மணி நேரம், அதுவும் அட்டவணையில் மட்டும். ஆனால் உங்கள் குடியிருப்பு வந்தது பாருங்கள், பாலமும் மூன்றாவது மாடியும் ஒரே உயரம், அத்தை கை காட்டிய பால்கனியில் பேத்தி தலையில் பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்துக்கொண்டு நிற்கிறாள், நான் பிரேக்கை மிதிக்க, பின் சீட்டில் இருந்த ஒரு சாமான் உருண்டு வந்து என் பிடரியில் இடிக்க (அது என்ன சாமான் என்பது இந்தப் புகாருக்குத் தேவையில்லை), பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் திட்ட, ரோந்து வண்டிக்காரர் வந்து, "பெரியவரே, இங்கல்லாம் நிக்கக் கூடாது. எங்க போகணும்?" என்றார். "அதோ, அந்த வாளிகிட்ட" என்றேன். அவர் ஏதோ சொன்னார், லாரிச் சத்தத்தில் காதில் விழவில்லை. இறங்க வழியைக் காணோம். சரி, அடுத்த சுற்றில் பார்க்கலாம் என்று போனால் மறுபடியும் உங்கள் பால்கனி, மறுபடியும் வாளி. இப்படி ஊரை மூன்று தடவை சுற்றினேன். ஐம்பத்திரண்டு, ஐம்பத்தொன்று, ஐம்பத்தொன்று நிமிடம், குறித்து வைத்திருக்கிறேன். மூன்றாவது தடவை குழந்தை கையை ஆட்டினாள், எனக்குத்தானா என்று தெரியவில்லை. எனக்குத்தான் என்று வைத்துக்கொண்டேன்.

எவ்வளவு பெரிய சாலை போட்டு என்ன பிரயோஜனம், மனுஷன் தன் பேத்தி வீட்டுல இறங்க முடியலைன்னா? ஆகவே தாங்கள் உடனே ஒரு இறங்கு வழி அமைத்து, எழுத்து மூலம் தெரிவிக்கவும். அதன்பின் வந்து சாப்பிட்டுப் போக எனக்குத் தடையில்லை.

நீங்கள் போட்ட சாலை எந்த மழைக்கும் பள்ளம் விழாமல் நிலைக்கவும், குழந்தை நோய்நொடியில்லாமல் வளரவும் மனதார ஆசீர்வதிக்கும்,
உங்கள் மாமனார்.

பின்குறிப்பு: மாப்பிள்ளை, இது அத்தை எழுதறது. அவர் ஒட்டறதுக்குள்ள கவரை அவர் கையிலேருந்து வாங்கிட்டேன். இறங்கற வழி முதல் நாள்லேருந்தே இருக்கு. உங்க குடியிருப்புப் பேரை ஆள் உயர எழுத்துல போட்ட பலகையை மூணு தடவையும் உங்க மாமாவே சத்தமா வாசிச்சார். வாசிச்சுட்டு நேரா ஓட்டினார். எந்த முகத்தை வெச்சுக்கிட்டுப் போறதுன்னு கூச்சம், வேற ஒண்ணுமில்லை. பின் சீட்டுல இருந்தது மூணு சக்கர சைக்கிள். பாப்பா பிறந்த வாரமே வாங்கி, இத்தனை நாளா பீரோ மேல வெச்சிருக்கார். இந்த ஞாயித்துக்கிழமை மதியம் எங்க ரெண்டு பேருக்கும் சேர்த்துச் சமைங்க. பலகை வந்ததும் வண்டியைத் திருப்ப வைக்கறது என் பொறுப்பு. சைக்கிள் மணி நல்லா வேலை செய்யுது, காலைலேருந்து அவர்தான் ஹால்ல உக்காந்து அடிச்சுப் பார்த்துக்கிட்டிருக்கார்.