ஒன்பது சிவப்பு வட்டங்கள்

ஸ்கேல் சாருக்குச் சர்க்கரை வந்துவிட்டது. கட்டட வரைபட அலுவலகத்தில் இருபத்தேழு வருஷமாகக் கோடு போட்டுக் கோடு போட்டு அவர் சம்பாதித்த பெயர் அது. ரிப்போர்ட்டைப் பார்த்ததும் அவருக்குப் பயத்தைவிடக் களைப்புதான் முதலில் வந்தது. இனி எத்தனை பேரிடம் பேச்சு வாங்க வேண்டுமோ!

"இது ரெண்டாம் வகை. உங்க குடும்பத்துல யாருக்காவது சர்க்கரை உண்டா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"எங்க பரம்பரையிலேயே கிடையாது டாக்டர்."

பச்சைப் பொய். வியாதியை வெளியே சொன்னால் கல்யாணப் பேச்சு நின்றுபோகும் என்று அவர் குடும்பத்தில் மூன்று தலைமுறையாகப் பொத்திப் பொத்தி வைத்த ரகசியம் அது. பக்கத்து நாற்காலியில் இருந்த மனைவி வாயே திறக்கவில்லை. ஸ்கேல் சார் அப்போதே உஷாராகியிருக்க வேண்டும்.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது அவள் ஆரம்பித்தாள்.

"பரம்பரையில இல்லைன்னா, இது முழுக்க முழுக்க உங்க சொந்த சம்பாத்தியம்தானே?"

"என்ன சொல்றே?"

"உங்க அப்பா தரலை, பெரியப்பா தரலை. அப்ப கிரீம் பிஸ்கட்டும் நாலு வேளை டீயும்தானே தந்திருக்கு?"

"அது வந்து..."

"வந்ததைத்தான் ரிப்போர்ட்ல பார்த்தோமே!"

பிஸ்கட் டப்பா பீரோவுக்குள் போய்ப் பூட்டிக்கொண்டது. டீ வெந்நீருக்கு ஒன்றுவிட்ட தம்பியானது. பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப்பார்த்தால் போதும். "இவங்க குடும்பத்துல யாருக்கும் இல்லைங்க, எல்லாம் இவர் வாய்தான்" என்று கையோடு சொல்லி அனுப்பினாள். மனுஷன் ஒரு வாரம் தாக்குப்பிடித்தார். எட்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று முடிவுகட்டினார். குற்றவாளி தானல்ல, தன் ரத்தம் என்று நிரூபித்தே தீருவது!

சாப்பாட்டு மேஜையில் பெரிய தாளை விரித்தார். மனைவி குளிக்கப் போன நேரம் பார்த்துத் தங்கைக்குப் போன் போட்டார்.

"உனக்குச் சர்க்கரை இருக்கா?"

"யாருண்ணா சொன்னா?" தங்கையின் குரல் தரைக்கு இறங்கியது. "அண்ணி பக்கத்துல இருக்காங்களா?"

"குளிக்கிறா."

"நாலு வருஷமா இருக்கு. என் மாமியாருக்குத் தெரியாது. மாத்திரையைப் பருப்பு டப்பாவுக்குள்ள வெச்சிருக்கேன்."

"எனக்கும் வந்துடுச்சு."

"உனக்குமா!" அதில் வருத்தத்தோடு கொஞ்சம் நிம்மதியும் இருந்தது.

அடுத்து தம்பி. அப்புறம் பெரியப்பா மகன்கள் இரண்டு பேர், அத்தை மகள். பூட்டிக் கிடந்த வாயெல்லாம் ஒரே நாளில் திறந்துகொண்டன. குளியலறையில் தண்ணீர் விழுகிற சத்தமும் அன்று முக்கால் மணி நேரம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஸ்கேல் சாருக்கு அதைக் கவனிக்க எங்கே நேரம்?

ஆளுக்கொரு கட்டம். எந்த வயதில் வந்தது என்று ஓரத்தில் குறிப்பு. சர்க்கரை இருந்தால் சிவப்பு வட்டம். அப்பாவின் கட்டத்துக்கு வந்தபோது கை நின்றது. கடைசி வருஷங்களில் அவருக்கு இடது காலில் இரண்டு விரல்கள் இல்லை. செருப்பு கடித்துப் புண்ணானது என்றுதான் ஊருக்குச் சொல்லியிருந்தார்கள். ஸ்கேல் சார் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வட்டத்தைப் போட்டார்.

தன்னையும் சேர்த்து மொத்தம் ஒன்பது வட்டங்கள். குளித்துவிட்டு வந்த மனைவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தை வெகுநேரம் பார்த்தாள்.

"ஒத்துக்கறேங்க. உங்க மேல தப்பில்லை."

கல்யாணமாகி இந்த வார்த்தையை அவர் கேட்பது இதுதான் முதல் தடவை. "அப்ப அந்தப் பிஸ்கட்..."

"டாக்டர் ஒரு வார்த்தை சொல்லட்டும். பீரோ சாவியையே உங்க கையில கொடுத்துடறேன்."

மறுநாள் மாலை டாக்டரம்மா படத்தைப் பார்த்து அசந்துபோனார். "நான் கேட்டா ஒரு வரி சொல்லமாட்டாங்க. நீங்க மாடி மாடியா கட்டியே கொண்டாந்துட்டீங்களே!"

"அப்ப என் தப்பு ஒண்ணுமில்லைதானே டாக்டர்?"

"வந்ததுக்கு உங்களைக் குறை சொல்லமாட்டேன். ஆனா இத்தனை பேருக்கு இருக்குன்னா, நீங்க மத்தவங்களைவிட ஜாக்கிரதையா இருக்கணும். பரம்பரை தர்றது வர்றதுக்கான வாய்ப்பைத்தான். சீக்கிரம் வரவழைக்கிறதும் தள்ளிப்போடறதும் சாப்பாட்டுலயும் நடையிலயும் நிறைய இருக்கு. உங்க கூடப்பிறந்தவங்க வரிசையில ஒருத்தருக்கு மட்டும் வட்டம் இல்லையே, யாரு?"

"மூத்த அக்கா. அறுபத்திநாலு வயசு. முப்பது வருஷம் தெருத்தெருவா நடந்து தபால் கொடுத்தவ."

"நடந்தா எல்லாருமே தப்பிச்சுடுவாங்கன்னு சொல்லலை. ஆனா பாருங்க, அதே அப்பா, அதே அம்மா." டாக்டரம்மாவின் விரல் கீழே இறங்கியது. "உங்க கட்டத்துல இருந்து ஒரு கோடு கீழே போகுதே?"

"பொண்ணு. இருபத்துநாலு."

அவரே ஸ்கேல் வைத்து இழுத்த கோடுதான். பழிபோட ஆள் தேடி மேலே மேலே போனவர் கீழே பார்க்கவே இல்லை. நாளெல்லாம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வேலை பார்த்துவிட்டு, சாயந்திரமானால் அப்பாவோடு சரிக்குச் சரியாகப் பிஸ்கட் எடுக்கிறவள். அவருக்கு முதல் தடவையாக நிஜமான பயம் வந்தது.

"பயப்படாதீங்க. கட்டாயம் வரும்னு இல்லை. இப்பவே பரிசோதிச்சு, இப்பவே பழக்கத்தை மாத்தினா வராமலே போகலாம். தெரியாம இருக்கறதுதான் ஆபத்து. நீங்களும் பொண்ணும் தினம் அரைமணி நேரம் நடங்க."

வெளியே வந்தார்கள். மனைவி முன்னால் நடக்க, அவர் வாடிய முகத்தோடு பின்னால் போனார். கொஞ்ச தூரம் போனதும் அடக்கமாட்டாமல் கேட்டார்.

"பரம்பரையில இல்லைன்னு நான் சொன்னதை நம்பித்தானே ஒரு வாரம் என்னை அப்படி வறுத்தே?"

"நம்பறதாவது! சத்து மாத்திரைன்னு சொல்லி உங்கம்மா என் கையில கொடுத்ததை, உங்கப்பாவுக்கு ஒன்பது வருஷம் எடுத்துக் கொடுத்தவ நான். அட்டையில என்ன எழுதியிருக்குன்னு ஒருநாளாவது படிச்சிருக்க மாட்டேனா?"

"அடிப்பாவி! அதை டாக்டர்கிட்ட சொல்லித் தொலைச்சிருக்கலாமே!"

"மாமனார் வியாதியை மருமக சொன்னா உங்க தங்கச்சி சும்மா விடுவாளா? நான் கேட்டா உங்க ஆளுங்க ஒருத்தராவது வாயைத் திறப்பாங்களா? எனக்குப் பொண்ணுக்காக முழு விவரமும் வேணும். உங்களுக்கு ரோஷம் வந்தா நீங்களே தோண்டி எடுத்துட்டு வந்துடுவீங்கன்னு தெரியும்."

அதற்கப்புறம் ஸ்கேல் சார் பேசினார், பேசினார், தொண்டை வறளும்வரை பேசினார். ஏமாற்றுக்காரி என்றார், நம்பிக்கைத் துரோகம் என்றார். கால் வலித்தபோதுதான் நிமிர்ந்து சுற்றும் முற்றும் பார்த்தார்.

"பஸ் ஸ்டாப் எங்கே?"

"அதைத் தாண்டி இருபது நிமிஷம் ஆச்சு. இன்னும் பத்து நிமிஷம் திட்டிக்கிட்டே வாங்க, டாக்டர் சொன்ன அரைமணி ஆயிடும்."