மச்சான் காரில் பின்கதவைக் காணவில்லை

சாரம்,
புதுச்சேரி.

துலூஸ் நகரில் இருக்கும் மதிப்புக்குரிய மச்சான் பிரான்சுவா அவர்களுக்கு, உங்கள் தங்கை புருஷன் ஜோசப் ஆனந்த் தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது.

சர்வேசுரன் தயவில் இங்கே புஷ்பமேரியும் நானும் மகள் பெனிஷாவும் சௌக்கியம். உங்கள் முட்டிவலி தேவலையா? அங்கே குளிர் ஆரம்பித்திருக்கும், கம்பளி போட்டுக்கொள்ளவும். நிற்க. நிற்க என்று எழுதிவிட்டேனே தவிர, என்னால் நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை.

உங்கள் மனைவி லினெட் அக்காவை அடக்கம் செய்துவிட்டு நீங்கள் பிரான்சுக்குத் திரும்பிய அன்று, சென்னையில் கப்பல் கம்பெனிக்காரர் ஒருவரிடம் ஆசைப்பட்டு வாங்கிய அந்த டொயோட்டா செலிகாவை எங்கள் ஷெட்டில் விட்டு, தார்ப்பாய் போட்டு மூடி, "இத யாரும் தொடக்கூடாது ஜோசப்பு, அவ உக்காந்த வண்டி" என்று சாவியை என் கையில் வைத்தீர்கள். நானும் தலையை ஆட்டினேன். அந்த வாக்கு இப்போது காற்றில் போய்விட்டது, மச்சான். கிறிஸ்துமஸுக்கும் பாஸ்கு பண்டிகைக்கும் ஃபோன் செய்தாலே "ம்", "சரி" தவிர உங்கள் வாயிலிருந்து எதுவும் வருவதில்லை. இதைப் படித்த பிறகு அந்த "ம்" கூட எங்களுக்குக் கிடைக்காமல் போய்விடுமோ என்பதுதான் என் பயம்.

நடந்தது இதுதான். பெனிஷா சேதராப்பட்டில் இஞ்சினியராக இருக்கிறாள் அல்லவா, அவளுக்கு இரண்டு கூட்டாளிகள். ஒருவன் வெற்றிவேல், பேங்கில் வேலை. இன்னொருத்தி சிவசங்கரி, பல் டாக்டர். பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார் என்றால் இந்த மூன்று பேருக்கும் சோறு தண்ணி வேண்டாம். லீவு நாள் ஆனால் ஷெட்டுக்குள் போய்விடுவார்கள். ஒட்டடை அடிக்கிறார்கள் என்று நம்பி நானே டீ போட்டு வேறு கொடுத்தேன். ஒரு நாள் டம்ளரைத் திரும்ப வாங்க உள்ளே போனால், தார்ப்பாய் இல்லை, பானெட் திறந்திருக்கிறது, உள்ளே எஞ்சின் இருக்க வேண்டிய இடத்தில் தரை தெரிகிறது. பல் டாக்டர் அம்மா மூலையில் குந்திக்கொண்டு, பல் சுத்தம் செய்கிற சின்ன பிரஷ்ஷால் வால்வுகளை ஒவ்வொன்றாகத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். நான் தலையில் கை வைத்தபடி காரைச் சுற்றி வந்தேன். அப்போதுதான் பார்த்தேன், பக்கத்துக்கு ஒரு கதவுதான் இருக்கிறது!

"பின்கதவு எங்கப்பா?" என்றேன்.

"இது கூப்பே, அங்கிள்" என்றான் வெற்றிவேல்.

நீங்களும் நானும் ஒரே பிரெஞ்சு எக்கோலில் படித்தவர்கள். கூப்பே என்றால் பிரெஞ்சில் என்ன? வெட்டியது! "யாருடா வெட்டனது?" என்று கேட்டால், "ஜப்பான்காரன்தான் அங்கிள்" என்கிறான். "எனக்குத் தெரியாம ஜப்பான்காரன் எப்படா ஷெட்டுக்குள்ள வந்தான்?" என்று கத்தியவன், செருப்பைக்கூட மாட்டாமல் பழைய இரும்புக் கடைக்கு ஓடி, இரண்டு கார் கதவு வந்ததா என்று விசாரித்து, ஒரு அம்பாசிடர் கதவை என் தலையில் கட்டப் பார்த்தவனிடமிருந்து தப்பித்து வீட்டுக்கு வந்தால், புஷ்பமேரி வாசலில் நிற்கிறாள். "எங்கண்ணன் கார்ல எப்பங்க நாலு கதவு இருந்துச்சி? நீங்க சொகமா முன்னாடி ஏறுவீங்க, நாந்தான் சீட்ட மடக்கிட்டு பின்னாடி பூந்து உக்காருவேன். ஒரு நாளாவது திரும்பிப் பாத்துருக்கீங்களா?" மச்சான், நான் பார்த்ததே இல்லை. கூப்பே என்றால் ரெண்டு கதவு வண்டி என்று அர்த்தமாம்.

எஞ்சின் பட்டறையில் ரீபோர் ஆகி, அதாவது உள்ளே கடைந்து புதுசாகி, திரும்பி வந்தது. கூடவே டர்போ என்று நத்தை மாதிரி ஒரு சாமானையும் மாட்டினார்கள். வீணாய் வெளியே போகிற புகையைக் கொண்டே ஒரு விசிறியைச் சுற்ற வைத்து, அந்த விசிறியால் எஞ்சினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளுகிறதாம். எவன் மூளை மச்சான் அது! பெனிஷா சாவியைத் திருப்பினாள். முதலில் ஒரு இருமல், பிறகு ஒரு உறுமல், பிறகு அப்படியே அடங்கி ஒரே சீரான சத்தம். எஞ்சின் மேல் தண்ணீர் டம்ளரை வைத்துக் காட்டினாள், ஒரு சொட்டு சிந்தவில்லை. ஒரு சுவிட்சைப் போட்டதும், பானெட்டில் படுத்திருந்த இரண்டு விளக்கும் மெதுவாக எழுந்து என்னைப் பார்த்தன. எனக்குக் கை தானாக சிலுவை போட்டுக்கொண்டது. நேற்று கனகசெட்டிக்குளம் வரை கூட்டிப்போனாள். வண்டி ஓடிய மாதிரியே இல்லை, ரோடுதான் பின்னால் ஓடியது. திட்ட வேண்டும் என்று ஏறியவன் வாயைத் திறந்தபடியே இறங்கினேன். இவ்வளவு உயிர் உள்ள ஒன்றை இத்தனை வருஷம் தார்ப்பாய்க்குக் கீழே வைத்திருந்தோமே என்று அழுகை வந்துவிட்டது.

ஆனாலும் கொடுத்த வாக்கு வாக்குதான். பிள்ளைகளை மன்னியுங்கள், கோபம் எல்லாம் என்னோடு போகட்டும். எல்லாவற்றையும் பழையபடி கழற்றி வைக்கச் சொன்னால் சொல்லிவிடுகிறேன். பேசாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். மாதா உங்களுக்குத் துணையிருக்கட்டும். முட்டிக்குத் தைலம் தடவவும்.

இப்படிக்கு,
உங்கள் மன்னிப்புக்குக் காத்திருக்கும்,
ஜோசப் ஆனந்த்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது பெனிஷா இதை வாங்கிப் படித்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். "வண்டியப் பிரிக்கச் சொன்னதே மாமாதாம்பா! ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சதும் வீடியோவுல வந்து, எந்த போல்ட்ட எப்படிக் கழட்டணும்னு அவருதான் சொல்லுவாரு. டர்போவ அனுப்பனதும் அவருதான். பேச ஆரம்பிச்சா நிறுத்தவே மாட்டாரு." என்னிடம் ஏன் மறைத்தீர்கள் என்று அவளிடம் கேட்டேன். "அப்பா பயந்துடுவாரு, கடைசில சொல்லிக்கலாம்னு மாமா சொன்னாரு" என்றாள். ஆகவே மச்சான், இந்தக் கடிதத்தைப் பிரிக்காமலே கிழித்துப் போடவும். எனக்குத் தெரியாமல் முதல் முதலாக வண்டியை வெளியே எடுத்த அன்று, லினெட் அக்கா உட்காரும் சீட்டில், வீடியோவில் நீங்கள் இருந்த ஃபோனை வைத்துவிட்டு ஓட்டச் சொன்னீர்களாமே. அடுத்த தடவை அந்த சீட்டில் ஃபோன் எதற்கு? நீங்களே வந்து உட்காருங்கள்.