மனிதக் கை படாத இசை

இசைக்குக் குரல் வேண்டும், விரல் வேண்டும், காது வேண்டும், சாதகம் வேண்டும் என்று மனித குலம் காலங்காலமாக ஏமாந்துகொண்டிருந்தது. அந்த இருளைப் போக்கியவர் என் மாப்பிள்ளை. அதாவது, என் தங்கையின் கணவர். உலகத்துக்கு விடிவு இவ்வளவு நெருங்கிய உறவில் பிறக்கும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

அவருடைய வாத்தியத்தின் பெயர் மாடுலர் சிந்தசைசர். புதிதாகப் பார்க்கிறவர்கள் பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் என்று நினைப்பார்கள். எல்லாம் சின்னச் சின்னப் பெட்டிகள். ஒரு பெட்டி சத்தம் போடும். அடுத்தது அதன் கழுத்தை நெரிக்கும். மூன்றாவது, நெரிபட்டதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்காட்டும். எந்தப் பெட்டி எதோடு பேச வேண்டும் என்பதை வண்ண வண்ண வயர்கள் முடிவு செய்யும். செருகி முடித்துவிட்டால் போதும், அது பாட்டுக்கு வாசித்துக்கொண்டிருக்கும். கலைஞர் கையைக் கட்டிக்கொண்டு, ஹெட்போனை மாட்டி, கண்ணை மூடித் தலையை ஆட்ட வேண்டியதுதான். இதற்கு அவர் வைத்த பெயர் ‘மனிதக் கை படாத இசை’. வயரைச் செருகியது யார் கை என்று என் தங்கை ஒருமுறை கேட்டாள். கலை தெரியாதவர்களோடு அவர் வாதாடுவதில்லை.

ஒரே ஓர் ஆபத்து உண்டு. ஒரு வயரைப் பிடுங்கினாலும் அந்த இசை போனது போனதுதான். எந்தக் குமிழ் எங்கே நின்றது என்று படைத்தவருக்கே தெரியாது. ஆகவே அந்த அறைக்குள் துடைப்பம் தடை செய்யப்பட்டது. தூசியும் ‘படைப்பின் ஓர் அங்கம்’ என்று அறிவிக்கப்பட்டது.

என் தங்கை பாட்டு டீச்சர். அந்த அறை அவளுடைய வகுப்பறை. முதல் பெட்டி வந்தபோது மாப்பிள்ளை ஒரு மூலை போதும் என்றார். அறைக்கு மூலைகள் நான்கு என்பது பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. பிள்ளைகள் ஹாலுக்கு மாறினார்கள். ஹாலுக்கு ஸ்பீக்கர்கள் வந்ததும் மாடிப்படிக்குப் போனார்கள். படியில் பிள்ளைகள் பாடுவது தொந்தரவாக இருக்கிறது என்று கீழ்வீட்டுக்காரர் புகார் செய்தார். மாப்பிள்ளையின் இசையைப் பற்றி ஒருவரும் புகார் செய்ததில்லை. லிஃப்ட் ரிப்பேர் போலிருக்கிறது என்று முணுமுணுத்துக்கொண்டு படியேறிப் போனார்கள். கடைசியில் அம்மாக்கள் பிள்ளைகளை அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள். அதன்பிறகு தங்கை சமைக்கும்போதுகூடப் பாடுவதில்லை. வீட்டில் இப்போதுதான் நல்ல அமைதி என்று மாப்பிள்ளை மகிழ்ந்தார்.

இப்படிப்பட்ட கலைஞரை உலகுக்குக் காட்டவே ‘நவீன ஒலிக் கழகம்’ தோன்றியது. தலைவர் நான். கலைஞரின் மச்சான் என்பது என் முதல் தகுதி. அலுவலகத்துக் கூட்ட அறையின் சாவி என்னிடம் இருந்தது இரண்டாவது. நகர மன்றத்தில் கச்சேரி என்று தீர்மானித்தோம். வண்டி வந்தது, தூக்க ஆட்கள் வந்தார்கள். அப்போதுதான் தெரிந்தது, பெட்டி பெட்டியாக உள்ளே போன வாத்தியம் ஒரே சட்டத்தில் சுவரளவுக்கு வளர்ந்து நிற்கிறது, வாசல் கொள்ளாது என்று. கழகம் அவசரக் கூட்டம் கூட்டிக் கதவை ஆராய்ந்தது. பிரித்துக் கொண்டுபோய் அங்கே மாட்டிக்கொள்ளலாமே என்று பொருளாளர் விவரம் தெரியாமல் கேட்டுவிட்டார்.

“சுவத்த வேணா இடிங்க,” என்றார் மாப்பிள்ளை. “வயர்ல கை வைக்காதீங்க.”

கச்சேரியை வீட்டிலேயே நடத்துவது என்று தீர்மானத்தைத் திருத்தினோம்.

தங்கை ஒரே நிபந்தனையோடு சம்மதித்தாள். கச்சேரி முடிந்ததும் வயர்களைக் கழற்றி அறையைக் காலி செய்துவிட வேண்டும். மறுநாள் காலை அங்கே வகுப்பு. இதை மாப்பிள்ளைக்கு எதிரில் நின்று நிதானமாகச் சொன்னாள். அவர் கண்ணை மூடியபடி தலையை ஆட்டினார். அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. உடனே அம்மாக்களுக்கெல்லாம் போன் போட்டாள். பேசிக்கொண்டே ஏதோ பாட்டை முணுமுணுக்கவும் செய்தாள். மாப்பிள்ளை காதில் ஹெட்போன் இருந்ததையும், தலை தாளத்துக்கு ஆடியதையும் நான் பார்த்தேன். கலைஞரைக் கலைக்கக் கூடாது என்று சும்மா இருந்துவிட்டேன்.

கச்சேரிக்கு ஹாலில் நாற்காலி போட்டோம். நாங்கள் அழைத்திருந்த இசை விமர்சகருக்குத் தனி மரியாதையாகச் சமையலறையை ஒதுக்கினோம். ரசிகர்களின் மூச்சும் இசையில் சேர வேண்டும் என்று வாசல் கதவுக்கு மேலே ஒரு மைக்கைத் தொங்கவிட்டு, அதன் வயரை வாத்தியத்தில் செருகியிருந்தார் மாப்பிள்ளை. வாத்தியம் சூடேறும்வரை ‘ங்ங்’ என்று ஒரு சத்தம் வந்தது. சபை அதற்கே கைதட்டியது. பிறகு கச்சேரி தொடங்கியது. அதே சத்தம் கொஞ்சம் பலமாக வந்தது. ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர் எழுந்துபோய் மின்விசிறியை நிறுத்திப் பார்த்தார். சத்தம் நிற்கவில்லை என்றதும் மரியாதையோடு உட்கார்ந்துகொண்டார். விமர்சகர் சமையலறையிலிருந்து வெளியே வந்து, இது காலத்தின் சொத்து, இந்த வயர்களை இனி எவரும் தொடக் கூடாது என்று முழங்கினார். தலைவர் என்ற முறையில் நான் அதைத் தீர்மானமாக முன்மொழிந்தேன். ஏகமனதாக நிறைவேறியது. வீட்டுக்காரிக்கு ஓட்டு உண்டா என்று கழக விதிகளில் ஏதும் இல்லை.

வயர்களைப் போட்டுவைக்க ஒரு காலி அட்டைப்பெட்டியோடு தங்கை அறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

“என்னங்க, காலைல பிள்ளைங்க வராங்க. நீங்க தலையாட்டுனீங்களே,” என்றாள். வாத்தியம் அலறிக்கொண்டிருந்தது. அவர் திரும்பவில்லை. அவள் கொஞ்சம் குரலை உயர்த்தினாள். “அப்ப நான் போறேன்.”

இது அவர் காதில் விழுந்தது. முகம் மலர்ந்துவிட்டது. ஒரு பக்க ஹெட்போனை விலக்கிக்கொண்டு வாசல் மைக்கைக் காட்டினார்.

“அங்க நின்னு இன்னொரு தடவ சொல்லு. லெவல் பத்தல.”

அவள் உள்ளே போய்ப் பையை எடுத்துக்கொண்டு வந்தாள். அட்டைப்பெட்டியை என் மடியில் வைத்தாள்.

“நீயும் பாத்துட்டுத்தானே இருந்த, அண்ணா,” என்றாள்.

முழங்காலை ஒதுக்கி வழிவிட்ட ரசிகர்களைத் தாண்டி வெளியே போய்க் கதவை அறைந்து சாத்தினாள்.

அந்தச் சத்தம் மைக்கில் ஏறி, வயரில் ஓடி, பெட்டிக்குப் பெட்டி மாறி, தடார் தடார் என்று திரும்பத் திரும்ப வந்தது. அதுவரை அந்த இசையில் இல்லாத ஏதோ ஒன்று அதில் இருந்தது. விமர்சகர் அழுதேவிட்டார். சபை மொத்தமும் எழுந்து நின்றது.

இந்த ஆண்டின் கழக விருது அந்தப் படைப்புக்குத்தான். பாராட்டிதழை நானே எழுதினேன்: ‘மனிதக் கை படாத இசையின் உச்சம்.’ மறுநாள் காலை பிள்ளைகள் வந்து, சாத்திய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனதை அதில் சேர்க்க இடமில்லை. அந்தக் கதவைச் சாத்தியது யார் கை என்று சபையில் ஒருவரும் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். சொல்லத்தான் நேரமில்லை. மடியில் இருந்த பெட்டியைக் கீழே போட்டுவிட்டு எழுந்து, எல்லாரையும்விடப் பலமாகக் கைதட்டிக்கொண்டிருந்தேன்.