செருப்புத் தேர்வுப் படிவம்

ஒரு விடுகதை. அவருக்குப் பதவி இல்லை, சம்பளம் இல்லை, பேச்சும் பாதிதான் வரும். ஆனால் அவர் வாய் திறக்கும்வரை நகராட்சி மேற்பார்வையாளர் ஒருவர் முழங்காலிட்டுக் காத்திருக்க வேண்டும். யார் அவர்?

இரண்டரை வயது வுகான். கிரால்யேவோ நகரக் குழந்தைகள் காப்பகத்தில், காலை ஆறேமுக்காலுக்கு, காலணி மாற்றும் நடையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான்.

வெறுங்காலோடு தரையில் நடந்தால் குளிர் நேரே சிறுநீரகத்துக்கு ஏறிவிடும் என்பதில் அந்த ஊர் மருத்துவருக்கும் மாவு பிசைபவருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. ஆகவே துணிச்செருப்பு மாட்டாத குழந்தைக்கு உள்ளே இடமில்லை. போன மாதம்வரை அம்மாக்கள் பிள்ளையை மடியில் அமுக்கிச் செருப்பை மாட்டிவிட்டு ஓடினார்கள். இப்போது நகராட்சி கனிவான கண்டிப்புக்கு மாறிவிட்டது. வற்புறுத்தக் கூடாது. 'கூடாது' என்றும் சொல்லக் கூடாது. இரண்டு வழிகளை முன்வைத்து, குழந்தை தேர்ந்ததை மூன்று நகல்களில் எழுதி முத்திரை குத்த வேண்டும். இதைக் கேட்டுப் பெற்றோர் கொடுத்த மனுவில் முதல் கையெழுத்து வுகானின் அம்மா நெவென்காவுடையது. கைப்பேசியில் எதையோ படித்துக் கண்கலங்கிப் போட்டது.

"சிவப்புச் செருப்பா, நீலச் செருப்பா?" என்றாள் ஆசிரியை ஸ்லாவிட்சா.

"வேணாம்."

படிவத்தில் 'வேணாம்' என்ற கட்டம் இல்லை. தேர்வு இல்லாவிட்டால் குழந்தை வந்ததாகக் கணக்கில்லை. வராத குழந்தை தாயின் பொறுப்பு. ஆகவே நெவென்கா நகர முடியாது. ஏழு மணிக்கு அவள் ரொட்டிக்கடை அடுப்படியில் நிற்க வேண்டும். இந்த மாதம் ஏற்கெனவே இரண்டு முறை தாமதம்.

அரை நிமிஷத்தில் தானே மாட்டிவிடுவதாகக் கெஞ்சினாள். இருபது வருஷம் அதையே செய்துவந்த ஸ்லாவிட்சா, அது இப்போது இரண்டாம் வகை வன்முறை என்று குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

நெவென்கா ரொட்டிக்கடை மேஸ்திரி கொய்கோவுக்குப் போன் செய்தாள். அவரும் இதே மாதிரி ஏதோ கனிவுப் பயிற்சிக்குப் போய் வந்திருந்தார்.

"உனக்கு ரெண்டு வழி இருக்கு, நெவென்கா. நிதானமா யோசி. ஏழரைக்குள்ள வா, இல்லேன்னா இனிமே வராதே. எதைத் தேர்ந்தெடுத்தாலும் நான் மதிப்பேன்."

ஏழு பத்துக்கு மேற்பார்வையாளர் ரதோவான் வரவழைக்கப்பட்டார். குழந்தையின் கண்மட்டத்துக்கு இறங்க வேண்டும் என்ற விதிப்படி முழங்காலிட்டார். இரண்டு மூட்டும் சத்தம் போட்டன.

"உன் கோபம் எனக்குப் புரியுது தம்பி."

வுகான் அவர் மூக்குக் கண்ணாடியைப் பார்த்து, வேணாம் என்றான். 'உணர்வு ஏற்கப்பட்டது' என்று ரதோவான் எழுதிக்கொண்டார்.

"சார், என் வேலை போயிடும்."

"உங்க பதற்றமும் புரியுதும்மா. ஆனா அதுக்குப் படிவம் இல்ல."

விதிப் புத்தகத்தைப் புரட்டியதில் ஏழாம் விதி அகப்பட்டது. தேர்வு நிலுவையில் இருக்கும்போது தாய் விலகிப் போகலாம். ஆனால் குழந்தையைக் கேட்டுவிட்டுத்தான்.

நெவென்காவுக்கு உயிர் வந்தது. "அப்போ 'அம்மா இங்கேயே இருக்கட்டுமா'ன்னு கேளுங்க. எதைக் கேட்டாலும் வேணாம்னுதான் சொல்வான்."

ஒரே வழியைக் கேட்பது திணிப்பு, இரண்டையும் வைத்தாக வேண்டும் என்று ரதோவான் மறுத்துவிட்டார். எழுந்திருக்க முடியாததால் அங்கிருந்தபடியே கேட்டார்:

"அம்மா வேலைக்குப் போகட்டுமா, இங்கேயே இருக்கட்டுமா?"

மணி ஏழு இருபத்தைந்து. வுகான் அம்மாவைப் பார்த்தான். விரலை வாயிலிருந்து எடுத்தான். பதில் சொன்னான்.

ஸ்லாவிட்சாவின் கண் நிறைந்தது. ரதோவான் கைதட்டினார். திட்டம் தொடங்கிய நாளிலிருந்து மாவட்டத்திலேயே ஒரு குழந்தை, வைத்த இரண்டு வழிகளில் ஒன்றைத் தேர்ந்தது இதுதான் முதல் முறை. மூன்று நகல்களிலும் எழுதி முத்திரை குத்தினார்கள்.

குழந்தையின் தேர்வு: அம்மா இங்கேயே இருக்கட்டும்.